விதைச் சாமையும் கிராபிக்ஸ் கார்டும்

லாரி ஓட்டினால் படம் பிடிக்க மாட்டேன், படம் பிடித்தால் லாரி ஓட்ட மாட்டேன் என்று எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. லாரி என்றால் நிஜ லாரி இல்லை. விளையாட்டு லாரி.

ராசிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது அந்தக் கம்ப்யூட்டரை என் கணவர் சல்லிசாக வாங்கி வந்தார். அக்கம்பக்கத்தாருக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு மனு போட்டுக் கொடுத்தால் கைச்செலவுக்கு ஆகும் என்பது அவர் கணக்கு. பகலில் அதைத்தான் செய்தேன். சாயங்காலம் ஆனால் லாரி. நான் அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பிறந்தவள், அப்பா லாரி டிரைவர். சிறு வயதில் கேபினில் உட்கார்ந்து எத்தனையோ ஊர் போயிருக்கிறேன். ஸ்டியரிங்கை மட்டும் யாரும் என் கையில் கொடுத்ததில்லை. மலைமேல் தேவனூர் நாட்டுக்கு மருமகளாக வந்த பிறகு இந்த விளையாட்டுதான் கொடுத்தது.

விளையாட்டை நேரலையில் காட்டும் தமிழ் சேனல் ஒன்று உண்டு. பார்க்கிறவர்களில் பாதிப்பேர் லோடுக்குக் காத்துக் கிடக்கிற நிஜ டிரைவர்கள். சேனல் பையன்கள் மலை வளைவில் வண்டி ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் நான் கமெண்டில் திட்டிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் அவர்களில் ஒருவர் போன் செய்து, இவ்வளவு வாய் பேசுகிறீர்களே, நீங்களே ஓட்டிப் பேசுங்கள் என்றார். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் நேரலை. நடுவில் அறுந்து போகக் கூடாது. சரியாக வந்தால் அந்தச் சாயங்கால நேரம் இனி எனக்கு, மாதாமாதம் சம்பளத்தோடு.

எனக்கு அந்தச் சம்பளம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் போர் வண்டியில் வேலை செய்கிறவர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டியோடு வடக்கே போனால் அடுத்த தீபாவளிக்குத்தான் வீட்டைப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குத் தீபாவளி விருந்தாளிதான். எந்நேரமும் அந்த மெஷின் இரைச்சல் பக்கத்திலேயே நின்று ஒரு காது மந்தமாகிவிட்டது. வீட்டுக்குள்ளும் சத்தம் போட்டுத்தான் பேசுவார். நேரலைக்கு மறுநாள் திங்கட்கிழமை அவர் மறுபடியும் கிளம்ப வேண்டும். எனக்கு அனுப்ப மனசில்லை. மிளகும் மரவள்ளியும் இருக்கிறது, இந்தச் சம்பளமும் சேர்ந்தால் அவர் போகாமலே குடும்பம் ஓடும்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு வாங்கினால் போதும், நீங்கள் வண்டிக்குப் போகவே வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். என் மாமியார் களியைக் கிண்டிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வயதில் மருமகள் பொம்மை லாரி ஓட்டுகிறாளே என்று நினைக்கிறார் போல என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

கார்டு என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். தனியாக ஓட்டினால் லாரி வழுக்கிக்கொண்டு போகும். ரெக்கார்டிங்கைப் போட்டதும் துள்ளித் துள்ளிப் போகும். பதிவைத் திருப்பிப் பார்த்தால் ஹாரன் முன்னே போகிறது, லாரி பின்னே வருகிறது. விளையாட்டில் மரத்தைக் குறைத்தேன், நிழலை எடுத்தேன், மழையை நிறுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் கம்ப்யூட்டருக்குள் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று காட்டும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். லாரி மட்டும் ஓடும்போது பிராசஸர் மூச்சுவிட இடம் வைத்திருந்தது. ரெக்கார்டிங் சேர்ந்ததும் கழுத்துவரை ஏறிவிட்டது.

காரணம் தெரிந்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். ஓடுகிற படத்தை நெட்டில் அனுப்ப வேண்டும் என்றால் அதை நொடிக்கு நொடி சுருக்கி மூட்டை கட்ட வேண்டும். அந்த வேலையையும் பிராசஸரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்திருக்கிறது. களி கிண்டுகிறவளையே அடுப்பும் ஊது, தண்ணியும் கொண்டு வா என்றால் களி அடிப்பிடிக்கத்தானே செய்யும்? இந்தச் சுருக்குகிற வேலைக்கென்றே சில கிராபிக்ஸ் கார்டுகளில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது என்று படித்தேன். எங்களுடையது பழைய கார்டு, அதில் அந்தப் பகுதி கிடையாது. ஆக, கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாம், பிராசஸரை மாற்ற வேண்டாம், கார்டு ஒன்று போதும். அதுவும் தனியாகக் கரண்ட் வயர் கேட்காத சின்னக் கார்டாக இருக்க வேண்டும், எங்கள் பெட்டியின் பவர் சப்ளைக்கு அவ்வளவுதான் தெம்பு. நாமக்கல்லில் ஒரு கடையில் பழையது ஒன்று கிடைத்தது. மிளகு விற்ற பணத்தில் வாங்கி, பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன்.

மற்றதெல்லாம் காசில்லாத வேலை. செல்போனோடு வந்த இயர்போனில் இருந்த மைக்கே மைக். அறையில் குரல் எதிரொலித்ததால் சுவர் முழுக்க மிளகுச் சாக்கைத் தொங்கவிட்டேன். எதிரொலி நின்றது, தும்மல் பிடித்துக்கொண்டது. முதல் பதிவில் பேச்சைவிடத் தும்மல்தான் அதிகம். சாக்கைக் கழற்றிவிட்டுக் கம்பளியைக் கட்டினேன். மைக்கும் கம்பளியும் தயார், கார்டுதான் பாக்கி.

சனிக்கிழமை நான் மலையிறங்கினேன். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் ஒரு மணி நேரத்தை நம்பி உட்கார முடியாது. அம்மா வீட்டில் சும்மா கிடந்த யூபிஎஸ்ஸை எடுத்துவரத்தான் போனேன். மழை பிடித்துக்கொண்டதால் இரவு அங்கேயே தங்கிவிட்டு ஞாயிறு மத்தியானம் திரும்பினேன்.

"பார்சல் நேத்தே வந்துருச்சு, அம்மாதான் வாங்கி வெச்சுது" என்றார் கணவர். மாமியார் எங்கே என்றால், காலை பஸ்ஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஊரில் போனுக்கு சிக்னல் கிடையாது. நேரில் போய்க் கேட்டு வருவதற்குள் நேரலை நேரம் தாண்டிவிடும்.

பீரோவில் தேடினோம். டிரங்குப் பெட்டி, அரிசி டிரம், சாமி மாடம், மெத்தைக்கு அடியில் எல்லாம் பார்த்தோம். அவர் பழைய கார்டிலேயே பேசிப் பாரேன் என்றார். எனக்கு அழுகை வந்தது. பிறகு அழுவதை நிறுத்திவிட்டு, பிராசஸரை வேவு பார்த்த மாதிரியே மாமியாரையும் யோசித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

அடுப்பங்கரையில் பார்சல் அட்டைப்பெட்டி பிரித்துத் தட்டையாகக் கிடந்தது. அப்படியென்றால் கார்டை வெளியே எடுத்திருக்கிறார். எதற்கு எடுக்க வேண்டும்? அட்டையைத் தொட்டால் சில்லென்று ஈரம். பஸ்ஸில் நனைந்திருக்கிறது. ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி ஊறிப் போகும். ஈரம் படக் கூடாத பொருளை இந்த மனுஷி எங்கே வைப்பார்? அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் ஏறிப் பார்த்தேன். பூண்டும் சோளக்கதிரும்தான் இருந்தன. நல்லவேளை, அந்தக் கரியில் வைத்திருந்தால் கார்டு உருப்பட்டிருக்காது.

இறங்கும்போது மூலையிலிருந்த விதைத் தொம்பை கண்ணில் பட்டது. மூங்கிலில் பின்னிச் சாணம் மெழுகிய கூடை அது. ஆவணியில் அறுத்த சாமையில் நல்லதாகப் பார்த்து விதைக்கு எடுத்து, அதில் கொட்டி வாயையும் சாணத்தால் மெழுகி மூடிவிடுவார் மாமியார். அடுத்த விதைப்பு வரைக்கும் அதை யாரும் திறப்பதில்லை. அதனால்தான் அதைத் தேட எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஆவணியில் மெழுகிய சாணம் காய்ந்து வெளுத்துப் போயிருக்க வேண்டும். இது பச்சையாக இருந்தது. விரலை வைத்தேன், உள்ளே போனது.

திறக்கக் கணவர் தயங்கினார். எங்கள் வீட்டில் விதைத் தொம்பையை மாமியார்தான் தலைக்குக் குளித்துவிட்டுத் திறப்பார், வேறு யாரும் கை வைத்ததில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் அந்த மழையில் பச்சைத் தண்ணியைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்து, மனசுக்குள் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மெழுகை உடைத்தேன். நொச்சி இலைக்கு அடியில், விதைச் சாமைக்குள் என் கார்டு பத்திரமாகப் படுத்திருந்தது.

பத்திரம்தான், ஆனால் இடுக்கெல்லாம் சாமை. கவிழ்த்துத் தட்டினேன், ஊதினேன், பல் தேய்க்கும் பிரஷால் கூட்டினேன். கொட்டிய மணியைப் பொறுக்கக் கோழிகள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. பழைய கார்டைக் கழற்றிப் புதியதைச் சொருகிச் சுவிட்சைப் போட்டபோது திரை கறுப்பாகவே இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் படம் வந்தது. ரெக்கார்டிங் வேலையைக் கார்டிடம் ஒப்படைத்துவிட்டு லாரியைக் கிளப்பினேன். பிராசஸர் பாதிக்குக் கீழே இறங்கி, வேலைக்காரி வந்த வீட்டு எஜமானி மாதிரி ஓய்வாக உட்கார்ந்துகொண்டது. நெட்டுக்குத் தாங்குகிற அளவுக்குப் படத்தின் அளவைக் குறைத்து வைத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நேரலை ஆரம்பித்ததும் ஒரு டிரைவர் எனக்குப் பரீட்சை வைத்தார். கொண்டை ஊசி வளைவில் இறங்க எந்த கியர் என்று எழுதிக் கேட்டார். "ஏறுன கியர்லயே எறங்கோணுங்க, பிரேக்க நம்பி எறங்குனா அது வண்டியில்லீங்க, வினை" என்றேன். அதற்குப் பிறகு மரியாதையாகப் பேசினார்கள். பாதி வழியில் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்திக்கொண்டே தாங்கிப் பிடித்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன், கரண்ட் வந்துவிட்டது. இன்னொரு பக்கம் டிக் டிக் என்று ஒரு சத்தம். அக்கா, வண்டியில் ஃபேன் பெல்ட்டைப் பாருங்க என்று ஒருவர் எழுதினார். கார்டின் ஃபேனில் எங்கோ மாட்டிய சாமை மணி அது. சொன்னால் யார் நம்புவார்கள்? அடுத்த ஊரில் பார்க்கிறேனுங்க என்று சமாளித்தேன். ஒரு மணி நேரம் அறுபடாமல் முடிந்தது. முடிந்த கையோடு சேனல்காரர் போன் செய்து, வாரத்தில் நான்கு சாயங்காலம் இனி உங்களுடையது என்றார்.

ஆனாலும் கணவர் போகவில்லை என்று சொல்லவில்லை. முதல் சம்பளம் வரட்டும் பார்க்கலாம் என்றார். போர் வண்டி மேனேஜரிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம். அவர் பை கட்டியது கட்டியபடியே ஆணியில் தொங்கியது. ஜெயித்தும் ஜெயிக்காத மாதிரி இருந்தது எனக்கு.

திங்கள் காலை முதல் பஸ்ஸில் மாமியார் வந்து இறங்கினார். வந்ததும் அவர் கண் தொம்பையின் உடைந்த வாய்க்குத்தான் போனது. திட்டுவார் என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டேன். கார்டைக் கொண்டுபோய் யாராவது விதைச் சாமைக்குள் வைப்பார்களா, நேற்று என் உயிரே போய்விட்டது என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. நான் கேட்டதுதான் புரியாத கேள்வி என்பது போல என்னைப் பார்த்தார்.

"நீதானே கண்ணு சொன்னே, இது வந்தா எம்பையன் வண்டிக்குப் போக வேண்டீதில்லைன்னு. அப்பேர்ப்பட்டத நான் வேற எங்க சாமி வெப்பேன்?"

அன்று களி கிண்டிக்கொண்டிருந்தவர் நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் என்னை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

நேரலை எப்படிப் போனது, சம்பளம் எவ்வளவு என்று எதுவும் அவர் விசாரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய பையை எடுத்து, மகனின் லுங்கிகளையும் சட்டைகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட்டார். பிறகு தொம்பை வாயை மெழுக மாட்டுக் கொட்டகைக்குச் சாணம் அள்ளப் போனார்.

என் கணவர் காலிப் பையையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நாங்கள் கேட்கக் கூடாது என்றுதான் வெளியே போயிருப்பார். ஆனால் அவருக்குத்தான் மெதுவாகப் பேச வராதே.

"நான் வரலீங்க" என்று அவர் மேனேஜரிடம் சொன்னது மாட்டுக் கொட்டகை வரைக்கும் கேட்டது.