ஏழாவது வரி

மகளின் பதினைந்தாவது பிறந்தநாளுக்குக் கொழும்பு காலி வீதியிலுள்ள புத்தகக் கடையில் நான் வாங்கிக் கொடுத்த ஆங்கில நாவல், மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தது. எதிர்காலத்தில் ஒரு கொடுங்கோல் நகரம், அதை எதிர்த்து நிற்கும் ஒரு பெண்பிள்ளை. "எல்லாம் முந்தி வாசிச்ச மாதிரியே இருக்கம்மா. சரியாப் போரடிக்குது" என்று முகத்தைச் சுளித்தாள். வாங்கின பாவத்துக்கு நான் எடுத்து வாசித்தேன்.

அந்த நகரத்தில் ஒவ்வொரு வீடும், தன்னிடம் தங்கியிருப்போரின் பட்டியலை ஆட்சியாளரிடம் கொடுக்க வேண்டும். எனக்கும் அது பழைய சங்கதிதான். போர்க்காலத்தில் வெள்ளவத்தையில், இதே மாடிவீட்டில், நாங்களும் அப்படியொரு படிவம் நிரப்பினோம். பெயர், வயது, சொந்த ஊர், வந்த காரணம் எல்லாம் எழுதிப் பொலிசில் முத்திரை வாங்க வேண்டும். என் கையெழுத்து வடிவென்று எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். வெளிநாட்டு விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மாவும் அவருடைய ஒரே மகனும் வந்து எங்களோடு தங்கியபோது, ஆறாவது வரியில் பெரியம்மாவையும் ஏழாவது வரியில் அண்ணாவையும் எழுதினேன். "உன்ர எழுத்தைப் பாத்தே எனக்கு விசா தந்திடுவாங்கள்" என்று அண்ணா பகிடி பண்ணுவார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதனைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிப் போனார். வரவில்லை. தேடாத இடமில்லை, எங்கும் பதிலில்லை.

அடுத்த முறை படிவம் நிரப்பும்போது ஆறு பெயரோடு நிறுத்தினேன். ஒருநாளும் சத்தம் போட்டுக் கதைக்காத பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேர் இல்லாமல் வந்து நிண்டானெண்டால் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்களடி. எழுது."

பொய்த் தகவலென்று தெரிந்தால் குடும்பமே உள்ளே போக வேண்டிவரும் என்று அப்பா நடுங்கினார். ஆனாலும் எழுதினேன். ஒவ்வொரு வருடமும் அண்ணாவின் வயதில் ஒன்றைக் கூட்டி எழுதினேன். சோதனைக்கு வந்தவர்கள் ஏழாவது ஆள் எங்கே என்று கேட்டால், கடைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சிங்களத்தில் சொல்வார். ஐயோ, அதைச் சொல்லும்போது அம்மாவே அதை நம்பிவிடுவார் போலிருக்கும்.

நாவலின் பெண்பிள்ளை அந்தப் பட்டியலைக் கிழித்தெறிகிறாள், நகரமே ஆரவாரம் செய்கிறது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதைக் கிழிக்க மனம் வந்திராது. அண்ணா மிச்சமிருந்த ஒரே இடம் அதுதான்.

போர் முடிந்தது, படிவமும் நின்றது. அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். பெரியம்மா என்னோடுதான் இருக்கிறார். அண்ணாவைப் பற்றி நான் மகளிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அது என் பிழை.

நேற்றுப் பின்னேரம், அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் பிடிக்கவில்லை என்று அவளிடம் கேட்டேன். பெரியம்மா பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ரெண்டாம் அத்தியாயத்திலயே ஒரு பெடியன் காணாமல் போறான். செத்திட்டானெண்டு அப்பவே விளங்குது. அந்தத் தாய் மட்டும் கடைசி மட்டும் பாத்துக்கொண்டு இருக்கிறா. விசர்க் கதை."

பெரியம்மாவின் கை நின்றது.

"செத்திட்டானெண்டு அதில எழுதியிருக்கோ பிள்ளை?"

மகள் என்னைப் பார்த்தாள். "இல்லை. எழுதேல்ல."

"பின்னை எப்பிடி உனக்குத் தெரியும்?" என்று கேட்டார் பெரியம்மா.