கறுப்புத் துணிக்குள் கோசுத்

யோலான் துணி சுற்றிய பொத்தான் செய்து பிழைத்தாள். புடாபெஸ்டில், நடுவே முற்றம் விட்டுக் கட்டிய ஒரு வாடகைக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வீடு. தகர வில்லைமேல் துணியைப் போட்டுக் கை அச்சில் அழுத்தினால் பொத்தான். போரிலும் முற்றுகையிலும் அந்த அச்சுதான் அடுப்பை எரிய வைத்தது.

கணவன் கால்மான் ரயில் பட்டறையில் ஃபிட்டர். காகிதப் பணத்தை நம்பாதவன். போர் முடிந்த பிறகு தெருக்கூட்டிகள் மதிப்பிழந்த நோட்டுகளைச் சாக்கடைக்குள் தள்ளியதைப் பார்த்திருக்கிறான். புதுப் பணம் வந்ததும், நூறு வருஷத்துக்கு முன் விடுதலைப் போர் நடத்திய தாடிக்காரத் தலைவர் கோசுத்தின் முகம் போட்ட வெள்ளிக் காசுகளில் ஆறை ஒதுக்கி வைத்தான். ஐந்து ஃபோரிண்ட் காசு. அந்த நாட்களில் எல்லோரும் அதைக் கடைப் பலகையில் தட்டித் தட்டி ஓசை பார்த்துத்தான் வாங்கினார்கள். ஊருக்கே அந்த ஓசை மனப்பாடம்.

பிறகு வெள்ளியைப் பதுக்கினால் சிறை என்றது அரசாங்கம். மூன்றாம் மாடிப் பல் வைத்தியரைக் கூட்டிப்போனார்கள். அவர் திரும்பவில்லை.

யோலான் ஆறு காசுகளுக்கும் கறுப்புக் கம்பளி சுற்றித் தன் குளிர்காலக் கோட்டில் பொத்தான்களாகத் தைத்தாள்.

"கோசுத்துக்கே கோட்டு மாட்டிட்டியா?" என்றான் கால்மான். "நாட்டை விட்டே ஓடி ஒளிஞ்ச மனுஷன். அவருக்குப் பழக்கம்தான்."

"மெதுவாப் பேசுங்க. கீழே ஜன்னல் திறந்திருக்கு."

கீழே இருந்தவள் போகோர்னே, குடியிருப்பின் காவல்காரி. வாசல் கதவைத் திறப்பதும் மூடுவதும் அவள். வருகிறவர் போகிறவரைப் பற்றி மேலிடத்துக்குச் சொல்வதும் அவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அக்டோபரில் அந்துருண்டை வாடை போக யோலான் கோட்டை முற்றத்து இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டாள். பால் பொங்குமே என்று மாடிக்கு ஓடினாள். அதற்குள் போகோர்னே தூசி தட்டும் பிரம்பை எடுத்துவிட்டாள்.

"என்னடி தூசி இது, யோலான்! கல்யாணத்துக்கப்புறம் தட்டவே இல்லியா?"

அடிப் பொத்தானில் துணி ஓரம் தேய்ந்திருந்தது. கோட்டு வீசி ஆடியபோது அது இரும்பில் பட்டது.

ணங்.

மாடிகளில் பாத்திரச் சத்தம் நின்றது. முதல் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யோலான் இறங்கி வந்தபோது போகோர்னேயின் கட்டைவிரல் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தது. துணிக்கு அடியில் தாடி நெருடியிருக்கும்.

"கனமான பொத்தான். ஏதுடி?"

"பழைய கோட்டுலேர்ந்து எடுத்தது, அக்கா."

"ம். எனக்கு ஒண்ணு வேணுமே."

பல்லால் நூலைக் கடித்து எடுத்துக்கொண்டாள்.

அதன்பின் துணி துவைக்கும் ஒவ்வொரு நாளும் போகோர்னே ஒன்று வாங்கிக்கொண்டாள். எடுத்த இடத்தில் யோலான் தகரப் பொத்தான் தைத்தாள். வாசல் மணி அடித்தாலோ மாடிப்படியில் காலடி கேட்டாலோ அவள் கை அச்சிலேயே நின்றுவிடும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். "எல்லாம் தீர்ந்துட்டா அவ வாயை எதால அடைப்பே?" என்றான் கால்மான். அவன் இப்போது சிரிப்பதில்லை.

கடைசிப் பொத்தானோடு இருக்க அவளால் முடியவில்லை. தானே வெட்டி எடுத்துக் கீழே போனாள். போகோர்னே பன்றிக் கொழுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்கக்கா. இதோட ஆறும் உங்ககிட்ட வந்தாச்சு. எங்க வீட்டுல இனிமே ஒண்ணும் இல்லே. யார் வந்து தேடினாலும்."

கெஞ்சத்தான் வந்திருந்தாள். சொன்ன பிறகுதான், சொன்னது என்னவென்று அவள் காதிலேயே விழுந்தது. நீட்டிய போகோர்னேயின் கை பாதியில் நின்றது.

வாசல் மணி அடித்தது.

வெங்காயம் கருகியது. மறுபடி மணி. போகோர்னே மாவு டப்பாவுக்குள் கைவிட்டு, மாவும் கையுமாகப் பொத்தான்களை அள்ளி நீட்டினாள்.

"எடுத்துக்கிட்டுப் போயிடு. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிடுடி."

யோலான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா, உள்ளே எல்லாரும் செத்துட்டீங்களா?" வெளியே கரிக்காரன் கத்தினான். "மூட்டை முதுகை முறிக்குது!"

போகோர்னே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போய்த் திறயேன்," என்றாள். "எனக்குக் கால் வரலே."

யோலான் போய்த் திறந்தாள். கடைசிப் பொத்தான் அவள் கைக்குள்ளேயே இருந்தது.

அதன்பின் அவர்கள் பொத்தானைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் மணி அடிக்கும்போதெல்லாம் போகோர்னே கதவைத் திறக்குமுன் இரண்டாம் மாடியை ஏறிட்டுப் பார்ப்பாள். யோலான் அங்கே கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நின்றுகொண்டிருப்பாள்.