மாப்பிள்ளையின் விண்கப்பலும் நான் செய்த டிரம்மும்

என் தங்கை வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். பணிமனையில் அவருக்கு ராக்கெட் என்று பெயர். வேகத்துக்காக வைத்த பெயர் அல்ல. அவர் வண்டியைச் சைக்கிள்காரனே முந்திவிடுவான். விண்வெளிப் படம் எது வந்தாலும் முதல் காட்சிக்குப் போய்விட்டு, மறுநாள் பணிமனையையே உட்கார வைத்துக் கதை சொல்வார்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். யார் தயவும் இல்லாமல் தகரப் பட்டறை வைத்து ஆளானவன். என்னிடமே அவர் செவ்வாய்க்கு வழி சொல்வார். படம் பார்க்கும்போது வாய் சும்மா இருக்காது. கதாநாயகன் விண்கப்பலில் குழாயைத் திறந்து முகம் கழுவினால் போதும், "அங்க ஒவ்வொரு சொட்டையும் திரும்பத் திரும்பச் சுத்தம் பண்ணிக் குடிப்பாங்க, இவன் மாமனார் வீட்டுக்கு வந்த மாதிரி கழுவறான் பாரு" என்று திரையோடு சண்டைக்குப் போவார்.

கடைசியில் வீட்டையே விண்கப்பல் ஆக்கிவிட்டார். துணி அலசிய தண்ணீர் கழிவறைக்குப் போனது. காய்கறித் தோலை உரமாக்க பால்கனியில் ஒரு டிரம் வேண்டும் என்றார். கப்பலில் எல்லாமே காற்றுப் புகாமல் மூடியிருக்குமாம், இதுவும் அப்படியே இருக்க வேண்டுமாம். செய்து கொடுத்தேன். மூடிக்கு ரப்பர் வளையம் வைத்து நான் அடித்த டிரம்மில் எறும்பு மூச்சு கூட நுழையாது.

இரண்டு வாரம் கழித்துத் திறந்தார். மாடி முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வருவார், டிரம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தக் கப்பல் கூத்தை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று தங்கை சொல்லிவிட்டாள். நான் போனபோது மனிதர் டிவி கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். விண்வெளிக்குத்தான் போக முடியவில்லை, இதையாவது செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன் மச்சான், என்றார்.

தங்கை அடுப்படியிலிருந்தே ஒரு குத்து விட்டாள். "படத்துல ஆக்ஸிஜன் தீர்ந்து போனா தேம்பித் தேம்பி அழறீங்க. உள்ள கிடக்கற புழு பூச்சிக்கு மட்டும் மூச்சு வேண்டாமா? இறுக்கி மூடிட்டு உரமாகலைன்னா எப்படிங்க ஆகும்?"

கேலியாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளை விருட்டென்று எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அரை மணியில் பட்டறையிலிருந்து துளை போடும் மிஷினோடு வந்து இறங்கினேன். டிரம்மைச் சுற்றி வரிசை பிசகாமல் ஓட்டை போட்டேன். அவர் காய்ந்த சருகைப் போட்டு உள்ளே இருந்ததைக் கிளறிவிட்டார். இரும்புக்காரர் வந்தபோது, "ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று தங்கையே சொல்லி அனுப்பினாள்.

ஒரு வாரத்தில் நாற்றம் போய் மழை பெய்த மண் வாசம் வந்தது. இப்போது தோலைப் போட மாப்பிள்ளை பக்கத்தில் போனால், "கையை எடுங்க, ஈரம் அதிகமாயிடும்" என்று தங்கை அதட்டுகிறாள். கப்பலுக்குக் கேப்டன் மாறிவிட்டார் என்று பணிமனையில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மூக்கைப் பொத்திய மாடிக்காரர்களில் நாலு வீடு என்னிடம் டிரம் கேட்டிருக்கிறது. ஓட்டை டிரம்மை வாசல் தேடி வந்து வாங்குகிறார்கள் என்றால், அடித்த கை அப்படி.