கரையில் விட்ட செருப்பு

விடை தெரிந்த பிறகும் தெரியாதவளைப்போல் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதைப் பொய் என்று சொல்வதா, பொறுமை என்று சொல்வதா? பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

கோடை விடுமுறையில் என் தம்பி தன் பழைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டை ஏற்றி என் எட்டு வயது மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். முந்நூறு வருடத்துக்கு முந்தைய முத்துக்குளிக்கும் துறைமுகம் ஒன்றில் நடக்கிற கதை. வணிகர்களுக்காக மொழிபெயர்க்கும் துபாஷி ஒருவன், தன் முதலாளியின் கடிதத்தைத் தீவிலிருக்கும் அதிகாரியிடம் சேர்க்க வேண்டும். மவுஸால் எதைத் தொட்டாலும் அவன் அங்கே நடந்து போய் அதை எடுப்பான், அல்லது அதைப் பற்றி ஏதாவது சொல்வான். அவ்வளவுதான் ஆட்டம். படமெல்லாம் நான் சிறுமியாக இருந்தபோது பார்த்த கணினி விளையாட்டுகள் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். கடலுக்கு இரண்டே நீலம். ஆனாலும் சாயங்கால வெளிச்சம் விழுகிற காட்சியில் எங்கள் திருப்பாலைக்குடிக் கரையையே பார்ப்பதுபோல இருந்தது.

கண் கெடுமோ, பாடம் மறக்குமோ என்று முதலில் பயந்தேன். பிறகு பிடித்துப்போனது. இந்த விளையாட்டு யாரையும் அவசரப்படுத்துவதில்லை. நாங்கள் யோசிக்கும்வரை துபாஷி சும்மா நிற்பான். சுடுவதில்லை, கத்துவதில்லை. இரவில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க் காலையில் திரும்பும் என் கணவர் அடுத்த அறையில் நிம்மதியாகத் தூங்கினார். ஆங்கிலத்தில் வரும் பேச்சை நான் தமிழில் சொல்ல, அவள் மவுஸைப் பிடிப்பாள். படித்த படிப்பு வீணாகப் போகவில்லை என்று எனக்கும் ஒரு திருப்தி.

குறைகளும் உண்டு. துபாஷி நடக்கிற நடைக்கு அதற்குள் ஒரு டீ போட்டுவிடலாம். எடுக்க வேண்டிய சாவி கடுகளவு இருக்கும், மண்ணின் நிறத்திலேயே இருக்கும். பெண்கள் எல்லாரும் தண்ணீர்க் குடத்தோடு நிற்பது மட்டும்தான். இவங்க யாரும் நம்ம ஊரு மாதிரி கடல்பாசி எடுக்கப் போக மாட்டாங்களா என்று மகள் கேட்டாள். பெரிய குறை வேறொன்று: ஆட்டத்தை ஒரே ஓர் இடத்தில்தான் சேமிக்கலாம். புதிதாகச் சேமித்தால் பழையது அழிந்துவிடும்.

பதினோராம் நாள் துபாஷி கரைக்கு வந்தான். தீவுக்குப் போகும் தோணி காத்திருந்தது. மகள் அவன் காலைத் தொட்டாள். அவன் செருப்பைக் கழற்றி மணலில் வைத்தான். அப்படிக் கழற்ற முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இங்கே வள்ளத்தில் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். கல்யாணமான புதிதில் கடல் தெரியாத பரமக்குடிப் பக்கத்துக்காரியான நான் அப்படி ஏறிவிட, கரையில் இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்தியது இன்னும் நினைவிருக்கிறது. என் மகளுக்கு யாரும் சொல்லாமலே அது வந்தது. பெருமையாக இருந்தது. அவள் தோணியில் ஏறி ஆட்டத்தைச் சேமித்தாள்.

தீவில் காவல்காரன் முத்திரை மோதிரம் எங்கே என்றான். எங்கள் பையில் மோதிரம் இல்லை. நான்கு நாள் அந்தத் தீவின் ஒவ்வொரு கல்லையும் தொட்டாள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். போனில் விடை பார்க்கக் கூடாது என்பது முதல் நாளே அவள் போட்ட நிபந்தனை. நானும் சரி என்றிருந்தேன். நான்காம் நாள் அவள் குளிக்கப் போனபோது பார்த்துவிட்டேன்.

மோதிரம் செருப்பின் குதிகாலில் இருந்தது. தொடக்கத்திலேயே செருப்புத் தைப்பவர் "குதிகாலைப் பார்த்துக்கொள்" என்று சொல்லியிருக்கிறார். நான் அதைச் சரியாகச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். செருப்போடு தோணியில் ஏறுங்கள் என்று போனில் இருந்த விடையில் எழுதியிருந்தது. தீவிலிருந்து தோணி திரும்பாது. பதினோரு நாள் உழைப்பும் போனது.

போனில் பார்த்துவிட்டதைக் கணவரிடம் சொன்னேன். வலையை ஒட்டுப்போட்டுக்கொண்டே சிரித்தார்.

"உன்னய மாதிரி ஒரு காட்டுக்காரந்தான் இந்த வெளாட்டச் செஞ்சிருப்பான்." கடல் தெரியாத உள்ளூர்ப் பக்கத்து ஆட்களைக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள்.

"இவகிட்ட என்னன்னு சொல்ல? ஒழுங்கா நடந்ததுனாலதான் தோத்தேன்னா?"

"அது உங்க ரெண்டு பேரு பாடு. என்னய இழுக்காத."

மறுநாள் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பில் ஏதோ இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதாகச் சொன்னேன். தோன்றுவதாக. அவள் முகம் சுருங்கியது. செருப்பு போட்டுக்கொண்டு ஏற மாட்டேன் என்றாள். ஆனாலும் முதலிலிருந்து தொடங்கினாள். வழி தெரிந்ததால் ஒரே மத்தியானத்தில் கரைக்கு வந்துவிட்டோம்.

மறுபடியும் துபாஷி செருப்பைக் கழற்றினான். என் வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு மணலில் கிடந்த செருப்பை இன்னொரு முறை தொட்டாள். அது அவன் பைக்குள் போனது.

"கையில எடுத்துட்டுப் போலாம்மா. அப்பா செருப்பக் கவர்ல போட்டுக்கிருவாங்கல்ல, தூரமாப் போகையில."

தோணிக்காரன் போன தடவை சொல்லாத ஒரு வரி சொன்னான். நான் படித்துச் சொல்ல ஒரு கணம் பிடித்தது. "கடலுக்கு மரியாதை தெரிந்த ஆள்தான் நீங்கள்" என்றான். போனில் நான் படித்த விடையில் இந்த வரி இல்லை. விளையாட்டைச் செய்தவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்கிறது. கழற்றிய செருப்பை எடுக்காமல் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த வரிக்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

குதிகாலிலிருந்து மோதிரம் வந்தது, கடிதமும் போய்ச் சேர்ந்தது. தூங்கி எழுந்து வந்த அப்பாவிடம் ஓடிப்போய், செருப்பை அம்மாதான் கண்டுபிடித்தாள் என்று சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் டீ போட எழுந்துவிட்டேன்.

காலாண்டு லீவுக்கு இன்னொரு விளையாட்டு அனுப்புவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். மகள் இப்போதே நிபந்தனை போட்டுவிட்டாள்.

"இதுக்கும் போன்ல பாக்கக் கூடாது. போன தடவ நாம பாக்காமத்தான முடிச்சோம்?"

ம் என்றேன்.

அவளிடம் சொல்லிவிடலாமா? சொன்னால், அவளே கண்டுபிடித்த அந்தக் கடைசி விடையின் சந்தோஷம் குறையுமா? சொல்லாமல் விட்டால் இந்த லீவில் நான் எந்த முகத்தோடு பக்கத்தில் உட்காருவது? பிள்ளைகளோடு விளையாடும் அம்மாக்கள், அப்பாக்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். லீவுக்கு முன்னால் எழுதினால் நல்லது.