அப்பாவை ‘மாமா’ என்று கூப்பிட்டேன்

முதல் அறிகுறி மூச்சில் வந்தது. குவைத்தில் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். பெண்களின் வரிசை நீளம். பின்னால் நின்றவர்கள் நெருக்கியபோது விரல்கள் விறைத்தன. மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஆனாலும் வரிசையை விட்டு விலக முடியவில்லை. நின்ற இடத்திலேயே விழுந்தேன்.

இதயத்தில் கோளாறு இல்லை. குவைத்தின் அப்பாசியா பகுதியிலிருந்த மனநல மருத்துவர், மதுரைக்காரர், ‘பேனிக் அட்டாக்’ (ஆபத்து இல்லாதபோதும் உடல் ஆபத்தென்று பதறுவது) என்றார்.

“வரிசையை விட்டு விலகினா என்ன ஆகும்னு தோணுதும்மா?”

யோசிக்காமலே சொன்னேன்: “அம்மா வந்து பாக்கேக்க நான் அங்க இருக்கமாட்டன், டொக்டர்.”

இலங்கையில் போர் முடிந்தபோது எனக்கு ஆறு வயது. வன்னியிலிருந்து வந்த எங்களை இராணுவத்தினர் முள்கம்பி முகாமில் அடைத்தார்கள். வழியிலேயே அப்பாவைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். தண்ணீர் பவுசர் வண்டி வரும்போது அம்மா என்னைக் பிளாஸ்டிக் கானோடு வரிசையில் நிறுத்திவிட்டு, அப்பாவின் பெயரை விசாரிக்க ஓடுவார். “நான் வருமட்டும் அசையாத பிள்ளை.” நான் அசையவில்லை. எட்டு மாதம் அப்படி நின்றேன்.

நாங்கள் வெளியே வந்து இரண்டு வருடம் கழித்து, மெலிந்த ஒருவர் எங்கள் வாசல் படலையைத் திறந்தார். அம்மா கத்தி அழுதார். நான் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டு, “வாங்கோ மாமா” என்றேன். நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். “பழகட்டும்” என்றார்.

பிறகு அந்தக் கை நீளவேயில்லை. என் சைக்கிளுக்குக் காற்றடித்து வைப்பார். மழை வந்தால் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நிற்பார். தொடாமலே வளர்த்தார்.

குவைத்தில் அந்த மருத்துவர் மாத்திரையும், கிழமைக்கு ஒருமுறை பேச்சும், ஒரு பயிற்சியும் தந்தார்: கடை வரிசையில் நின்று, என் முறை வருமுன் வேண்டுமென்றே விலகி வருவது. முதல் தடவை தெருவில் நின்று அழுதேன். ஐந்தாம் மாதம் மூச்சு சீரானது. அப்போதுதான் அடியில் கிடந்த ஏக்கம் மேலே வந்தது. உயிரோடு, கிளிநொச்சியில், கூப்பிட்டால் கதைக்கக்கூடிய அப்பாவுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டேன்.

“அப்பா, நீங்கள் வந்த அண்டைக்கு நான் உங்கள மாமா எண்டு கூப்பிட்டனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”



“மாமா எண்டாவது கூப்பிட்டாய்தானே, பிள்ளை. தடுப்பு முகாமுக்குள்ள இருக்கேக்க உன்ர குரலே மறந்துபோகுமோ எண்டுதான் பயந்தனான்.”

முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் எல்லாம் மறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். அவர்களிடம் கேளுங்கள். எங்களுக்குப் பதினைந்து வருடம் பிந்திவிட்டது.

அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போகிறேன். நெஞ்சு இன்னும் சில நாட்களில் இறுகுகிறது. ‘உனக்கு இப்போது ஆறு வயதில்லை’ என்று அதற்குச் சொல்கிறேன், கேட்கிறது. ஆனால் ஆறு வயதில் ஏறியிருக்க வேண்டிய தோளிடம் இந்த வயதில் எப்படிப் போவதென்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.