அக்கா கேட்ட மல்லி

என் அக்கா யசிந்தா விழுந்தது தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய வாரம். கொழும்பு முகத்துவாரத்தில், தன் வீட்டு வாசலிலேயே விழுந்துகிடந்தாள். வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள். அடுப்படியில் ஒரு பெரிய சட்டி பருப்புக்கறி மூடி வைத்திருந்தது. தனியாக இருக்கிறவளுக்கு எதற்கு இவ்வளவு கறி என்று யாரும் கேட்கவில்லை. அக்கா எப்போதும் ஊருக்குத்தான் சமைப்பாள்.

பாரிசவாதம் என்றார்கள். வலது பக்கம் முழுதாகப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்கெல்லாம் தெரியும். நான் கொட்டாஞ்சேனையில் என் வீட்டைப் பூட்டிவிட்டு அக்காவிடம் போய்விட்டேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவள் கீரை பயிரிட்டவள். கொழும்பில் தோட்டம் என்றால் நெருக்கிக் கட்டிய வீட்டு வரிசையைத்தான் சொல்வார்கள். அக்காவிடம் இருந்தது நிஜமான தோட்டம். களனி ஆற்றங்கரையில் நாலைந்து பாத்தி, கங்குன் கீரையும் முளைக்கீரையும். விடியும்முன்னே சேற்றில் இறங்கிவிடுவாள். விற்றது பாதி, கொடுத்தது பாதி. பிள்ளைத்தாச்சிக்குக் கீரை, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி. ஆறு பெருகி வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது கோவில் மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் சமைத்தவள் அவள்தான். பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று பார்க்கமாட்டாள். சாவீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று சட்டியோடு முதல் ஆளாகப் போய் நிற்பாள். அவளுக்கு ஊர்வேலை முடிந்து மிச்சமிருந்தால்தான் வீட்டுவேலை. நான் இதைச் சொல்லிச் சொல்லி அவளோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் கட்டிலில் கிடந்து ஒரே ஒரு சொல்லைத்தான் சொன்னாள். "மல்லி."

முதலில் எங்களுக்குச் சந்தோஷம். பேச்சு வருகிறது என்று நினைத்தோம். உடனே மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்வீட்டுப் பரீதா, "நீங்க அவிச்ச முறை சரியில்ல தங்கச்சி" என்று இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டுவந்தார். அதையும் குடிக்கவில்லை. ஒருவர் மல்லிக்கீரைச் சம்பல் அரைத்து வந்தார். இன்னொருவர், மாதா சொரூபத்துக்கு மல்லிகைப்பூ வைக்கச் சொல்கிறாளாக்கும் என்றார். பூவும் வைத்தோம். அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மல்லி, மல்லி" என்று இடது கையால் கட்டிலை அடித்தாள். கண்ணீர் காதுக்குள் ஓடியது.

எனக்கு மனம் விட்டுப்போயிற்று. ஆயுள் முழுக்க மற்றவர்களுக்கு வேண்டியதைக் கேட்காமலே கொடுத்தவள், சாகக் கிடந்து ஒன்றைக் கேட்கிறாள், வீடு நிறைய ஆள் நிற்கிறோம், ஒருவருக்கும் விளங்கவில்லை. அவளைவிட எனக்குத்தான் அது தாங்கமுடியாமல் இருந்தது. திரு இருதயப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மரியாதையில்லாமல்தான் செபித்தேன். "ஆண்டவரே, அவளை எழுப்பித் தாரும் எண்டு கேட்டன். நீர் தரமாட்டீர் போல. சரி. அவள் என்ன கேக்கிறாள் எண்டதையாவது சொல்லும். அது கூடச் சொல்லாட்டி நான் உம்மோட என்னத்தைக் கதைக்கிறது?"

செவ்வாய்க்கிழமை பூசைக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சனநெருக்கம். எனக்கு முன்னால் நின்ற சிங்களப் பெண் கொண்டக்டரைப் பார்த்து, "மல்லி, பஹினவா" என்றாள். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி; தம்பி, இறங்கவேண்டும் என்கிறாள். எத்தனை வருடமாக நானும் கொண்டக்டரிடம் அதையேதான் சொல்லி இறங்குகிறேன். ஆனால் வீட்டுக்குள் அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குச் சரக்குப் பெட்டிதான் ஞாபகம் வரும். அக்கா தமிழில் கேட்கவில்லை. அவள் தம்பியைக் கேட்கிறாள்.

எங்களுக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை. ஆனால் ஆற்றங்கரையில் பக்கத்துப் பாத்தி சுனிலுடையது. அக்கரையிலிருந்து வருகிற சிங்களவர். வருடக்கணக்காக இரண்டு பேரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுத்தவர்கள். அவரை அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை; மல்லி என்றுதான் கூப்பிட்டிருப்பாள். வீட்டுக்குப் போகாமல் நேரே ஆற்றங்கரைக்குப் போனேன்.

அங்கே கங்குன் கழுவிக்கொண்டிருந்த பெண் சொன்னாள். சுனிலின் மனைவி செத்துப்போனாள். அக்கா விழுந்த அன்றுதான் அடக்கம். காலையில் அக்கா அவருக்குப் போன் எடுத்து, சாப்பாட்டோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வெள்ளைச் சேலையும் அந்தச் சட்டியும் எதற்கென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சேற்றில் நின்றபடியே அழுதேன்.

சுனிலைத் தேடி அக்கரைக்குப் போனேன். அக்கா விழுந்தது அவருக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் முகம் கொடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில், "அக்கா வாறன் எண்டு சொன்னது. வரல்ல. எல்லாரும் வந்தது, அக்கா வரல்ல. எனக்குக் கோவம்" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். உடுத்தியிருந்த சாரத்தோடே என்னுடன் வந்துவிட்டார்.

அக்கா அவரைக் கண்டதும் ஒரு தரம், "மல்லி" என்றாள். அவர், "அக்கே" என்று தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் தலையை வைத்து அழுதார். அக்கா இடது கையை மெல்ல இழுத்து அவர் தலையில் வைத்தாள். அவளும் அழுதாள். மனைவி செத்தவருக்காக அழவேண்டிய அழுகையை அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்திருக்கிறாள். சாவீட்டுக்குப் போக முடியாமல் கிடந்தவளிடம் சாவீடே வந்தது. நானும் பரீதாவும் அறைக்கு வெளியே நின்றோம்.

அதன் பிறகு அக்கா அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. கட்டிலை அடிக்கவும் இல்லை. குருத்தோலை ஞாயிறு முடிந்து, அமைதியாகப் போய்விட்டாள்.

நான் கேட்ட சுகம் கிடைக்கவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது. இன்றைக்கும் காலையில் எழும்பினால் நெஞ்சு பாரமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அக்கா தன் மனதில் கிடந்ததை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். அந்த பஸ் நெருக்கத்தில், யாரோ ஒரு பெண்ணின் வாயால் ஆண்டவர் எனக்குப் பதில் சொன்னார். அதற்காக நான் சாகும்வரை நன்றி சொல்வேன். உங்களுக்கும் செபிக்க வாய் வராத நாள் வந்தால், கோபத்தோடாவது கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஒரு வேண்டுகோள். சுனிலுக்காகச் செபியுங்கள். இப்போது அவர் வீட்டிலும் ஆளில்லை, பாத்தியிலும் பேச்சுத்துணை இல்லை. அவர் நம்முடைய சபையைச் சேர்ந்தவரில்லையே என்று யோசிக்கவேண்டாம். அக்கா ஒருநாளும் அப்படி யோசிக்கவில்லை.