காந்தத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்த நாள்

கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நானும் தோழி ஒருத்தியும் முனைவர் பட்டத்துக்காக ஒரு நினைவகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தோம். ஏடு ஏடாகப் பிரியும் காந்தப் படிகத்தை ஒட்டுநாடாவால் உரித்து, இன்னொரு படிகத்தின் ஏட்டின்மேல் படியவைப்போம். கீழ் ஏட்டில் மின்சாரம் பாய்ந்தால் மேல் ஏட்டின் காந்தத் திசை புரள வேண்டும். மேல்நோக்கினால் ஒன்று, கீழ்நோக்கினால் சுழி.

ஆனால் பக்கத்தில் இன்னொரு காந்தம் துணைக்கு நிற்காமல் அது ஒருமுறைகூடப் புரண்டதில்லை. துணைக் காந்தத்தையும் சேர்த்து ஒரு சில்லுக்குள் அடைக்க முடியுமா? காற்றுப் பட்டுக் கெட்டுப்போன மாதிரிகள் டப்பா நிறையக் கிடந்தன.

கீழ் ஏட்டுக்கு வேறு படிகம் போடலாம் என்றது தோழிதான். பொள்ளாச்சிக்காரி, பிடிவாதக்காரி. "இதோட அணு அடுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லீங்க. காந்தம் செய்யற வேலைய இதே செஞ்சுபோடும்."

அவள் சொன்ன படிகத்தைக் கீழே வைத்து மாதிரி செய்தோம். அன்று காலை காந்தத்தைக் கழற்றிவிட்டு அதில் மின்துடிப்பை அனுப்பினேன். திரையில் காந்தத் திசையைக் காட்டும் கோடு சட்டென்று கீழே விழுந்தது. எதிர்த்திசையில் அனுப்பினேன். மேலே ஏறியது.

"ஏனுங்க, இன்னொருக்கா போடுங்க!" என்று கத்தினாள். போட்டேன். கோடு இறங்கியதுதான் தாமதம், கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ்ஸும் கைவிட்டது.

"போச்சுங்க, எல்லாம் போச்சு," என்று தலையில் கை வைத்தாள்.

"போகக் கூடாதுங்க. கரண்ட் போனாலும் நின்னாத்தானே அது நினைவகம்?" என்றேன்.

மதியம் கரண்ட் வந்தது. படிப்பதற்கான மெல்லிய மின்சாரத்தை மட்டும் அனுப்பினேன். கோடு கீழேயே நின்றது. எழுதியது எழுதியபடி இருந்தது! இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் நாற்காலி கவிழ்ந்தது.

சத்தம் கேட்டு வந்த எங்கள் பேராசிரியர் தானே பலமுறை துடிப்பை அனுப்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் புரண்டது. "அடேயப்பா, செஞ்சுபோட்டீங்களே!" என்றார்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். விளக்கமெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உலகத்துல வேற யாரும் செய்யலியா கண்ணு?" என்றாள்.

"வேற சிலரும் செஞ்சிருக்காங்கம்மா. இப்ப நாங்களும் செஞ்சுட்டோம்."

"அப்ப நீங்களும் அவுங்க வரிசைலதான அம்மணி," என்றாள்.